காலாப்பட்டு மீன் வண்டிக்கு ஒரு இரவல் கன்வெர்ட்டர்

எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. பணி அனுபவம் எழுதுகிற வயதா இது என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் அடுத்த வாரம் முதலியார்பேட்டை ஒர்க்‌ஷாப்பின் முன்மேசையை விட்டு எழுந்து விழுப்புரம் கிளைக்குப் போகிறேன். என் நாற்காலியில் உங்களில் ஒருவர் உட்காரப் போகிறீர்கள். ஜாப் கார்டு போடுவது, வண்டியைச் சுற்றிவந்து கீறல் பார்ப்பது, டெலிவரி நேரம் சொல்வது எல்லாம் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அதையே நானும் திரும்பச் சொல்லி உங்களை அறுக்கப் போவதில்லை. நம் மேல் திருட்டுப் பழி விழும்போது எங்கே நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது, யாரிடம் முதலில் பேசுவது, இதை எந்தப் பயிற்சியிலும் சொல்வதில்லை. நான் அதை ஒரு மீன் வண்டியின் அடியில் நின்று பார்த்தேன்.

பாகூர் பக்கம் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் வயல் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். டிப்ளமோ வரைக்கும் போனேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வாடிக்கையாளருக்கு எதையும் விளக்கிச் சொல்லிவிட்டால் போதும், அவர் நம்பிவிடுவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அந்தப் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வண்டியின் அடியில், இன்ஜினுக்கும் சைலன்சருக்கும் நடுவில், ஒரு சுரைக்காய் அளவுக்கு உருளை ஒன்று இருக்கும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். ஃப்ளோரில், அதாவது வேலை நடக்கும் ஷெட்டில், எல்லோருக்கும் வெறும் கன்வெர்ட்டர். உள்ளே தேன்கூடு மாதிரி பீங்கான் கட்டி. அதன் மேல் பிளாட்டினம் வகை உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கும். இன்ஜின் விடும் நச்சுப் புகையைச் சுத்தம் பண்ணுவது அதுதான். நகைக்கடைக் கண்ணாடிக்குள் இருக்க வேண்டிய உலோகம் சேறும் சகதியுமாக வண்டிக்கு அடியில் தொங்கிக்கொண்டு போகிறது. ஓட்டுகிறவருக்கே அது தெரியாது. திருடுகிறவனுக்குத் தெரியும்.

இனி நம் ஒர்க்‌ஷாப்பின் வழக்கம். கழற்றிய பழைய பாகத்தை, புதுசு வந்த அட்டைப்பெட்டியிலேயே போட்டு டிக்கியில் வைத்துவிடுவோம். மாற்றினோம் என்பதற்கு அதுதான் சாட்சி. நிறையப் பேர் ‘எனக்கெதுக்குப்பா இந்தக் குப்பை’ என்று விட்டுவிட்டுப் போவார்கள். அது வாட்டர் வாஷ் பக்கத்து மூலைக்குப் போகும். வருஷம் முழுக்க அந்த மூலை வளரும். ஆயுத பூஜைக்கு முன்னால் காயலான் கடைக்காரர் வண்டியோடு வந்து அள்ளிக்கொண்டு போவார். வாழைக்கன்று, பொரி, இனிப்பு, ஃப்ளோரில் எல்லோருக்கும் புதுச்சட்டை, எல்லாம் அந்த மூலையிலிருந்துதான். இந்தத் தெரு ஷெட் வரிசையில் நம் பூஜைக்கு ஒரு தனிப் பேர் இருந்தது.

அப்போது ஃப்ளோர் இன்சார்ஜாக ஓர் அக்கா இருந்தார். உப்பளத்துக்காரர். தன் பேரை எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், அதனால் எழுதவில்லை. காம்ப்ரசர் ஓடும்போதுகூடக் குரலை உயர்த்தாமல் வேலை வாங்கிய ஒரே ஆள் நான் பார்த்தவரையில் அவர்தான். கன்வெர்ட்டருக்குக் காயலான் கடையில் தனி மதிப்பு என்று தெரிந்த அன்றே அவர் ஒரு விதி போட்டார்.

“கன்வெர்ட்டர் மூலைக்குப் போவாது. ஓனர் வேணாம்னு சொன்னா, அது இன்னா வெலைக்குப் போவும்னு அவருக்குச் சொல்லு. அப்புறமும் வேணாம்னா அது அவர் இஷ்டம். அதுவரைக்கும் பேரு எழுதி சீட்டு கட்டி ஸ்டோர்ல வை.”

எங்கள் வெல்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அக்கா, அப்புறம் பூஜைக்கு அந்த மூலையில இன்னா மிஞ்சும்? தேஞ்சுபோன பிரேக் ஷூவும் ஆயில் ஃபில்டருமா?”

“அதுக்குத் தகுந்த பூஜை பண்ணு. சாமி கோவிச்சிக்கிச்சுன்னா எங்கிட்ட அனுப்பு.”

பூஜை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு காலை. சாலையில் திரும்பும்போதே சத்தம் ஷெட்டுக்குள் வந்துவிட்டது. பின்னால்தான் வேன் வந்தது. ஓட்டிவந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். காலாப்பட்டுப் பக்கத்து மீனவர் கிராமம். அவர் பேர் அஞ்சலாட்சி. தானே லைசன்ஸ் எடுத்து, தானே வேன் வாங்கி, விடியற்காலையில் ஐந்து பெண்களை ஏற்றிக்கொண்டு தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்குப் போவார். ஏலம் முடிந்ததும் கூடைகளோடு அவரவரை அவரவர் மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, கடைசியில் தன் கூடையோடு தானும் உட்காருவார்.

“தம்பி, வண்டிய பார்த்தியா? விசைப்படகு மாரி கத்துது. கரையில நின்னவன்லாம் கடல்லேருந்து எவன் வர்றான்னு திரும்பிப் பாக்கறான்!”

வண்டியைத் தூக்கும் லிஃப்டில் ஏற்றினோம். பார்த்ததும் தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அறுபட்ட குழாய் முனை மட்டும் பளிச்சென்று நீட்டிக்கொண்டிருந்தது. ஏலம் நடந்துகொண்டிருந்தபோது, நிறுத்தியிருந்த வண்டியில் யாரோ கைவரிசை காட்டியிருக்கிறார்கள்.

“அடியில இருந்த கன்வெர்ட்டரை யாரோ அறுத்துட்டுப் போய்ட்டாங்கம்மா” என்றேன்.

“அது இன்னா நகையா, அறுத்துக்கினு போறதுக்கு?”

“நகை மாதிரிதாம்மா.”

“கழுத்துல கெடந்திருந்தா காப்பாத்தியிருப்பேனே! காலுக்கடியில வச்சிக்கினு தெரியாமல்ல சுத்தியிருக்கேன்.”

புதுசு சென்னையிலிருந்து வர நாலு நாள் ஆகும் என்று சொன்னேன். அந்த அம்மாவின் சிரிப்பு போய்விட்டது.

“நாலு நாள் மீனு எனக்காவ காத்துக்கினு இருக்குமா? பஸ்ஸுல கூடைய ஏத்த மாட்டான். ஆட்டோக்காரன் எங்களப் பார்த்தாலே மூக்கப் புடிச்சிக்கினு ஓடறான். ஒரு நாள் எடத்த உட்டா போதும் தம்பி, மறுநாள் அந்த எடத்துல இன்னொருத்தி பலகையப் போட்டுக்கினு ஒக்காந்திருப்பா. எனக்கு மட்டும் இல்ல, ஆறு பேருக்கும். வெறும் பைப்ப மாட்டி உடு, போறேன்.”

இன்சார்ஜ் அக்கா அருகில் வந்திருந்தார். “மாட்ட மாட்டோம்மா. உள்ள ஆறு பேர் ஒக்காந்து வர்றீங்க. பொகை உள்ள வந்துச்சுன்னா?”

“மீன் நாத்தத்துல பொகை எங்க தெரியப் போவுது?”

“அதாம்மா பயமே. தெரியாமலே தூங்க வச்சிடும்.”

அக்கா கொஞ்ச நேரம் அந்த அறுபட்ட முனையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஸ்டோருக்குப் போனார். அங்கே முந்தின நாள் கழற்றிய ஒன்று இருந்தது. இதே மாடல் வேன் வைத்திருந்த ஒரு கல்லூரி ஆசிரியருடையது. அவரும் காலாப்பட்டுதான். கடற்காற்றில் சைலன்சரின் பின்பகுதி துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. எல்லாம் ஒரே கட்டாக வருவதால், நன்றாக இருந்த கன்வெர்ட்டரும் அதோடு சேர்ந்து வெளியே வந்துவிட்டது. ‘டிக்கில எடம் இல்ல, நீங்களே வச்சிக்கோங்க’ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மதிப்பைச் சொல்ல அக்கா போன் போட்டபோது அவர் எடுக்கவில்லை. அதனால் அவர் பேரும் வண்டி எண்ணும் எழுதிய சீட்டோடு அது ரேக்கில் கிடந்தது.

ஓட்டையை அடைத்துத் தற்காலிகமாக இதை மாட்டலாம், ஓனர் சம்மதித்தால். அதுதான் அக்காவின் எண்ணம். அதை வெளியே எடுத்துவந்து அவர் விஷயத்தைச் சொல்வதற்கு முன்னால் அஞ்சலாட்சி அம்மா பார்த்துவிட்டார்.

“இது இன்னாது?”

“இதுவும் கன்வெர்ட்டர்தாம்மா, பழசு…” என்று நான் ஆரம்பித்தேன்.

“காலைல என்னுத காணோம். இங்க ஒண்ணு ரெடியா கெடக்குது!” குரல் ஷெட்டின் தகரக் கூரையில் போய் மோதியது. “எங்க வந்து மாட்டியிருக்கேன் பாரு! உருவறதும் நீங்களே, திருப்பி மாட்டறதும் நீங்களே. நல்லா இருக்குதுடா ஒங்க தொழிலு!”

காத்திருந்த வாடிக்கையாளர்கள் கண்ணாடிக் கதவுக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார். செக்யூரிட்டி அண்ணன் ஓடிப்போய் கேட்டைச் சாத்தப் பார்த்தார். வெல்டர் கையுறையை உருவி எறிந்துவிட்டு, “யம்மா, வார்த்தைய அளந்து பேசு” என்று முன்னால் வந்தார். என் வாய்க்குள் டிப்ளமோவில் படித்ததெல்லாம் வரிசை கட்டி நின்றது. இது வேறு, அது வேறு, சீரியல் நம்பர், ஜாப் கார்டு. அந்த நேரத்தில் நான் என்ன சொல்லியிருந்தாலும் அது திருடன் சொல்லும் சமாதானம் மாதிரிதான் இருந்திருக்கும்.

அக்கா முதலில் காம்ப்ரசரை நிறுத்தச் சொன்னார். ஷெட்டே அமைதியானது. பிறகு வெல்டரைப் பார்த்து, “நீ பின்னாடி போ” என்றார். அப்புறம் கேட்டைப் பார்த்தார்.

“அண்ணே, சாத்தாதீங்க. ரெண்டு பக்கமும் நல்லா தொறங்க. வெயிட் பண்றவங்களும் பாக்கணும்னா உள்ள வரலாம்.”

பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்குகிற ஒரு பெரியவர், பிரெஞ்சில் சிப்பாய் என்பதால் நாங்கள் சொல்தா என்று கூப்பிடுவோம், வீல் அலைன்மென்ட்டுக்கு வந்திருந்தார். “மதாம், பேரு கெடுது. போலீசக் கூப்புடுங்க” என்றார்.

“கூப்புடலாம் முசியே. மொதல்ல அம்மா பாக்கட்டும்.”

அக்கா தன் தலையிலிருந்த பாதுகாப்புத் தொப்பியைக் கழற்றி அஞ்சலாட்சி அம்மாவின் கொண்டைக்கு மேல் வைத்தார். வாடிக்கையாளரை லிஃப்டுக்கு அடியில் விடக்கூடாது என்பது நம் விதி. அன்று அவரே கையைப் பிடித்து அழைத்துப் போனார். ஒரு வார்த்தை விளக்கவில்லை. “இது ஒங்க வண்டில மிச்சம் இருக்கிற முனை. இது எங்ககிட்ட இருக்கிறது. ரெண்டையும் தொட்டுப் பாருங்க.” அவ்வளவுதான் சொன்னார்.

அந்த அம்மா அறுபட்ட முனையின் விளிம்பில் விரலை ஓட்டினார். நின்றார். திரும்ப ஓட்டினார்.

“இது அவசரத்து வெட்டு. நடுவுல ஒரு வாட்டி நிறுத்தியிருக்கான். யாரோ வந்திருக்காங்க, பயந்திருக்கான். தோ, இங்கேருந்து மறுபடி அறுத்திருக்கான்.” முகத்தைச் சுளித்தார். “வஞ்சிரத்த இப்படி அறுத்தா எங்ககிட்ட எவளும் வாங்க மாட்டா.”

பிறகு ஸ்டோரிலிருந்து வந்ததைத் தடவினார். இரண்டு பக்கமும் போல்ட் மாட்டும் வளையம் முழுசாக இருந்தது. எங்கும் வெட்டு இல்லை.

“இது அறுக்கல. கயட்டினது.”

“ஆமாம்மா.”

“சரி, என்னுது இல்ல. ஆனா வேற எவன் வயித்தெரிச்சலோ? சீட்டுல பேர் எழுதறதுக்கு இன்னா, நீங்களே எழுதி நீங்களே கட்டிக்கலாம்.”

அக்கா கோபப்படவில்லை. போனை எடுத்து அந்த ஆசிரியருக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். இந்த முறை அவர் எடுத்தார்.

“சார், ஒங்க வேன்ல நேத்து கழட்டின சைலன்சர் செட்டு இங்க இருக்குது.”

“அத தூக்கிப் போடுங்க மேடம், நான்தான் வேணாம்னு சொன்னேனே.”

அப்போதே எல்லாம் முடிந்திருக்கலாம். நம் ஃப்ளோர் ஆட்கள் அத்தனை பேரும் கண்ணால் கெஞ்சினார்கள். வெல்டர் வாயில் விரலை வைத்துக் காட்டினார். ‘பேசாம விடு அக்கா, அவரே வேணாம்னுட்டாரு’ என்கிற மாதிரி. அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“தூக்கிப் போடற பொருள் இல்ல சார். உள்ள இருக்கிற உலோகத்துக்கு மதிப்பு உண்டு.” காயலான் கடையில் அது என்ன விலைக்குப் போகும் என்பதையும் சொன்னார்.

“அவ்ளோ போவுமா? எனக்குத் தெரியாதே… அப்ப நானே வந்து எடுத்துக்கறேன் மேடம். சனிக்கெழமை வர்றேன். யாருக்கும் குடுத்துடாதீங்க.”

“சரிங்க சார். ஒங்க பேர் போட்டு பத்திரமா இருக்கும்.”

போனை வைத்தார். செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தவர் கையைக் கீழே போட்டார். அஞ்சலாட்சி அம்மாவின் வேனுக்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டுவிட்டது. அடைத்தது எங்கள் அக்காவேதான்.

அஞ்சலாட்சி அம்மா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அக்காவை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏ பொண்ணே, எனக்குக் கேட்டுக் குடுக்கத்தான போன் போட்ட?”

“ஆமாம்மா.”

“அவருதான் வேணாம்னாரே. அத்தோட வாய மூடிக்கினு இருந்திருந்தா இந்நேரம் என் வண்டில ஏறியிருக்குமே.”

“ஏறியிருக்கும்மா. ஆனா அவரு தெரியாம குடுத்ததா இருந்திருக்கும். ஒங்க வண்டிலேருந்து போனதும் ஒங்களுக்குத் தெரியாமதான போச்சு.”

அந்த அம்மா புடவைத் தலைப்பால் தொப்பியின் உள்பக்கத்தைத் துடைத்து அக்காவிடம் நீட்டினார். மன்னிப்பு என்று அவர் வாயிலிருந்து வரவில்லை. எங்களுக்கு அது தேவையாகவும் இல்லை. பிறகு கையை நீட்டி, “மறுபடி போடு அந்த சாருக்கு. நான் பேசறேன்” என்றார்.

“சாரு, நான் காலாப்பட்டுலேருந்து அஞ்சலாட்சி. மீன் விக்கிறவ. ஒங்க வண்டில கயட்டினத எனக்குக் குடுன்னு கேக்கல, எரவலா குடுங்க. கல்யாணங்காச்சின்னா நகை எரவல் வாங்கிக் கழுத்துல போட்டுக்கினு போறதில்லயா, அது மாரி. சென்னையிலேருந்து என்னுது வந்ததும் கயட்டி நானே ஒங்க வீட்டாண்ட கொண்டாந்து குடுக்கறேன். அதுக்கு இன்னா மதிப்புன்னு இப்பத்தான் எனக்கும் தெரிஞ்சுது. தெரிஞ்சிக்கினுதான் கேக்கறேன்.”

அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. “இரவல் நகைய மீன் வண்டிலயா போட்டுக்கப் போறீங்க?”

“ஆமா சாரு. இன்னா, மீன் வாசன கொஞ்சம் ஒட்டும்.”

“மேடம் இருக்காங்களா? குடுத்துடுங்க மேடம்” என்றார்.

வெல்டர் கண்ணாடியை இழுத்து மாட்டிக்கொண்டு, துருப்பிடித்த ஓட்டையில் தகடு வைத்து அடைக்க உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் வேன் சத்தமில்லாமல் கேட்டைத் தாண்டிப் போனது. மறுநாள் ஆறு பலகைகளும் அதனதன் இடத்தில் இருந்தன என்று அந்த அம்மாவே போன் பண்ணிச் சொன்னார்.

நான் அக்காவிடம் கேட்டேன். “எல்லாரும் வேடிக்கை பாக்கறப்ப கேட்டைத் தொறக்கச் சொன்னீங்களே, அந்தம்மாவுக்கு நம்பிக்கை வரட்டும்னா?”

“அது பாதிதான். எல்லாரும் பாத்துக்கினு இருந்தா போன்ல எனக்கும் பொய் வராது இல்ல? அந்த சார் வேணாம்னு சொன்னப்ப எனக்கும் வாய மூடிக்கலாம்னு ஒரு நிமிஷம் இருந்துச்சுடா.”

இத்தனை வருஷத்தில் நான் கேட்ட பேச்சுகளிலேயே இதைத்தான் உங்களிடம் கொடுத்துவிட்டுப் போக நினைக்கிறேன். நல்லவர்களுக்குச் சபலம் வராது என்று நான் நினைத்திருந்தேன். அக்காவுக்கும் வந்திருக்கிறது. அது வரும் என்று முன்கூட்டியே தெரிந்து, தனக்கும் சேர்த்துக் கேட்டைத் திறந்து வைத்த ஆள் அவர். உங்கள் மேசைக்கும் ஒரு நாள் இது வரும். காயலான் கடைக்காரர் உங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். ஓனர் ‘குப்பைதானே’ என்பார். அப்போது சுற்றி யாராவது கேட்கும்படியாக அதன் மதிப்பைச் சொல்லிவிடுங்கள். தனியாக இருக்கும்போது சொல்வது கஷ்டம்.

அந்த வருஷம் பூஜை சின்னதுதான். பொரி, கடலை, ஒரே ஒரு பூசணிக்காய். புதுச்சட்டை கிடையாது. வெல்டர் பழைய சட்டையிலேயே சந்தனப் பொட்டோடு நின்று, “சாமி எதாவது சொல்லிச்சா அக்கா?” என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சென்னையிலிருந்து புதுசு வந்ததும் அஞ்சலாட்சி அம்மா வந்தார். இரவலைக் கழற்றிக் கொடுத்தோம். சுத்தமாகக் கழுவின மீன்கூடை ஒன்றில் புதுத் துண்டு விரித்து அதை வைத்துக்கொண்டார். ஆசிரியரின் பேர் எழுதிய சீட்டை நான் மறுபடி கட்டினேன். அதை அவர் கையில் பிடித்து, படிப்பதுபோல வெகுநேரம் பார்த்தார்.

“இது யாருதுன்னு இதுக்கு ஒரு சீட்டு இருக்குது. என்னுது எங்க கெடக்குதோ? எவன் கடையிலயோ, எந்த மூட்டையிலயோ. அதுல அஞ்சலாட்சின்னு எழுதி எவன் கட்டியிருப்பான்?”

ஸ்டேஷனில் மனு கொடுத்திருந்தார். பழையது கடைசிவரை கிடைக்கவே இல்லை.

புதுசு திருடு போகாமல் இருக்க, அதைச் சுற்றி இரும்புக் கம்பியில் ஒரு கூண்டு அடித்து, அடியில் ஒரு தகடு வைத்து மாட்டிக்கொண்டிருந்தார் வெல்டர். கேட்டுக்கொண்டே வேலை செய்தவர், திடீரென்று தகட்டை மறுபடி கழற்றிக் கீழே வைத்தார்.

“சீட்டு கட்டினா சூட்டுல எரிஞ்சிடும்மா. தகட்டுலயே வெல்டிங்ல எழுதிடறேன். எந்தக் கடைக்குப் போனாலும் தெரியும். அஞ்சலைன்னு போட்டா போதுமா? ஒங்க பேரு முழுசா எழுதினா ராடு தீர்ந்துடும்.”

“எங்கப்பா வச்ச பேரக் கொறைக்கறதுக்கு நீ யாருய்யா?” என்றார் அந்த அம்மா. வழக்கமான குரல் திரும்பி வந்துவிட்டது. “போன வாரம் எங்கிட்ட வார்த்தைய அளந்து பேசச் சொன்ன இல்ல? இப்ப நீ எழுத்த அளக்காம எழுது.”

வெல்டர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். தீப்பொறி தெறிக்க ஒவ்வொரு எழுத்தாக வந்தது. அந்த அம்மா கண் கூசக் கூச, வேண்டாம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லச் சொல்ல, விரல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அந்த வேன் இப்போதும் சர்வீசுக்கு நம்மிடம்தான் வருகிறது. லிஃப்டில் ஏற்றியதும் அடியில் போய்த் தலையைத் தூக்கிப் பாருங்கள். எழுத்துகள் கோணலாகத்தான் இருக்கும். கடைசி எழுத்து தகட்டின் ஓரத்தில் ஒடுங்கி, நெருக்கிக்கொண்டு நிற்கும். வெல்டருக்கு இடம் போதவில்லை. ஆனால் பேர் முழுசாக இருக்கிறது.